லேசர் கட்டிங் மெஷின்ல மோட்டார் உதறுதா? மோட்டாரை மாத்துறதுக்கு முன்னாடி வயரைப் பாருங்க

எக்ஸ் ஆக்சிஸ் (லேசர் ஹெட் இடம் வலமா நகர்ற பக்கம்) நகராம கர்ர்னு உதறிட்டே நின்னா உடனே மோட்டார் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, நான் பாத்த வரைக்கும் பாதி நேரம் வயர்தான் பிரச்சனை.

முதல்ல பவரை ஆஃப் பண்ணி பிளக்கையே உருவிடுங்க. சிஓ2 டியூப்புக்கு (லேசரை உண்டாக்குற கண்ணாடிக் குழாய்) போற சப்ளைல ஆயிரக்கணக்குல வோல்ட் இருக்கும், ஆஃப் பண்ணப்புறமும் சார்ஜ் நிக்கும், அந்தப் பக்கம் கையே வைக்காதீங்க.

ஆக்சிஸை நகத்துற ஸ்டெப்பர் மோட்டார்ல 4 வயர்னா உள்ள 2 காயில். மோட்டார் கனெக்டரைக் கழட்டி மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு ஜோடி ஜோடியா பாருங்க, ரெண்டு காயிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, சில ஓம்தான் காட்டணும். ஒண்ணு ஓப்பன்னு (இணைப்பே இல்லன்னு) காட்டினா காயில் அவுட். ரெண்டும் சரின்னா கேபிளைச் செக் பண்ணுங்க, டிராக் செயின்ல (கேபிளைத் தாங்கி கூடவே நகர்ற செயின்) மடங்கி மடங்கி உள்ள செம்பு மட்டும் அறுந்திருக்கும், வெளிய பாத்தா புதுசு மாதிரியே இருக்கும் (இதுலதான் எனக்கு ஒரு நாள் முழுக்க போச்சு), அதனால கேபிளை ஆட்டிக்கிட்டே கன்டின்யூட்டி (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இணைப்பு இருக்கான்னு) பாருங்க.

கேபிளும் ஓகேன்னா எக்ஸ், ஒய் டிரைவர் (மோட்டாருக்குக் கரண்ட் குடுத்து ஓட்டுற போர்டு) ரெண்டும் ஒரே மாடலா, ஸ்விட்ச் செட்டிங்கும் ஒண்ணான்னு பாத்துட்டு மாத்திப் போடுங்க, பிரச்சனை ஒய்க்குப் போனா டிரைவர்தான். பவர் இருக்கும்போது மட்டும் மோட்டார் கனெக்டரை உருவிடாதீங்க, நல்ல டிரைவரும் சேந்து போயிடும்.