கீமோ மருந்து மாறினால்: பழகிய கை செய்யும் தவறுகள்

ஒரு மருந்தில் ஆறேழு சுற்று முடித்த வீட்டில் ஒரு டப்பா சேர்ந்திருக்கும். பாதி தீர்ந்த வாந்தி மாத்திரை, பேதி மாத்திரை, வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கும் மருந்து, அட்டையில் மிச்சமான நாலு ஸ்டீராய்டு. மருத்துவர் மருந்தை மாற்றியதும் பலர் கைவைப்பது அந்த டப்பாவில்தான். வாந்தி, பேதி என்று பெயர் பழையதாக இருக்கலாம். ஆனால் மருந்து வேறு என்றால் அது வரும் காரணமும் வேறு, அடக்கும் வழியும் வேறு.

குடல் புற்றுநோயில் ஆக்சாலிபிளாட்டினிலிருந்து இரினோடெக்கானுக்கு மாற்றுவது வழக்கம். ஆக்சாலிபிளாட்டினில் குளிர்தான் எதிரி. ஐஸ் தண்ணீர் தொண்டையை இறுக்கிப் பிடிக்கும், குளிர்பெட்டிக்குள் கைவிட்டால் விரல் சுரீரென்னும். இரினோடெக்கானில் அந்தத் தொல்லை கிடையாது என்பதால் ஆள் கொஞ்சம் அசந்துபோகிறார். இங்கே பேதிதான் கவனிக்க வேண்டியது, அதுவும் இரண்டு விதமாக வரும். மருந்து ஏறும்போதோ 24 மணி நேரத்துக்குள்ளோ வியர்த்துக்கொட்டி, எச்சில் ஊறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் அதற்கு அட்ரோபின் தருவார்கள். ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ என்று பல்லைக் கடிக்காமல் நாற்காலியில் இருக்கும்போதே தாதியிடம் சொல்லிவிட வேண்டும்.

24 மணி நேரம் கழித்து வருவதுதான் ஆபத்தான பேதி. அதற்கு லோபராமைட் என்ற, பேதியைக் கட்டும் மாத்திரை. வழக்கமாக எழுதித் தரும் முறை இது: முதல் முறை இளகிப் போனதுமே 2 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, இரவில் நாலு மணி நேரத்துக்கு இரண்டு. 12 மணி நேரம் பேதி இல்லாமல் கழிந்தால் நிறுத்தலாம். 48 மணி நேரத்துக்கு மேல் இப்படித் தொடரக்கூடாது. மருந்துக் கடைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு இதைவிடக் குறைவு. அது சாதாரண வயிற்றுப்போக்குக்கானது. அதைப் படித்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் நீர் வற்றி மருத்துவமனைக்கு வருகிறார்கள். உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த தாள் எதுவோ அதன்படிதான் செய்ய வேண்டும். தே தாரிக்கும் (பால் தேநீர்) காரமான சம்பலும் சில நாள் வேண்டாம். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் நல்லது. பேதியோடு காய்ச்சலும் சேர்ந்தால் மாத்திரையை நம்பி உட்கார்ந்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இதே லோபராமைட்டை எடுத்துக்கொண்டு பெம்புரொலிசுமாப் போன்ற நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கு மாறியவர் பேதியைக் கட்டப் பார்த்தால் கதை வேறு. அங்கே சொந்த நோயெதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கியிருக்கலாம். அதற்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. மாத்திரை பேதியை மறைக்கும், குடல் அழற்சி உள்ளே வளரும். கடைசி ஊசி போட்டுச் சில மாதம் ஆன பிறகும் இது வரலாம் என்பதால், ‘அந்த மருந்துதான் முடிஞ்சுபோச்சே’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஸ்டீராய்டில் இன்னொரு தவறு நடக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு முதலில் டாக்சோரூபிசின், அடுத்து டோசிடாக்செல் என்று கொடுப்பது உண்டு. முதல் மருந்தோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வாந்திக்காக. தூக்கம் கெடுகிறது, சர்க்கரை ஏறுகிறது என்று, வாந்தி இல்லாத நாளில் சிலர் அதை விட்டுவிடுவார்கள். டோசிடாக்செல்லில் அதே மாத்திரைக்கு வேலை வேறு: ஒவ்வாமையும் உடம்பில் நீர் கோத்துக்கொள்வதும் வராமல் தடுப்பது. வழக்கமான அளவு 8 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, மூன்று நாள். ஊசிக்கு முதல் நாளே தொடங்க வேண்டும். மறந்திருந்தால் டிரிப் ஏற்றுமுன் சொல்லிவிடுங்கள், திட்டமாட்டார்கள். நீரிழிவு உள்ளவர்கள் அந்த மூன்று நாளும் சர்க்கரையைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டியிருக்கும். எத்தனை முறை என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

பாக்லிடாக்செல்லுக்கு மாறியவர்களுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் கை, கால், முதுகெல்லாம் அடித்துப்போட்டாற்போல் வலிக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு பாரசிட்டமால் பழக்கமாகிவிடும். அது வலியோடு காய்ச்சலையும் இறக்கிவிடுவதுதான் சிக்கல். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது தொற்று வந்தால் காய்ச்சல் ஒன்றுதான் வெளியே தெரியும் அடையாளமாக இருக்கலாம். ஒவ்வொரு மாத்திரைக்கும் முன்னால் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 38 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் ‘உடம்புச் சூடு, வெயில்ல போயிட்டு வந்தேன்’ என்று இளநீர் தேட வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் மறுநாளைக்கு முன்பதிவு செய்வதும் வேண்டாம். இரவு இரண்டு மணியானாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், முகப்பிலேயே ‘கீமோ எடுத்துக்கிட்டிருக்கேன், காய்ச்சல்’ என்று சொல்ல வேண்டும். மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் 995 (சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ் எண்).

விரல் மரத்துப்போவதில் குழப்பம் அதிகம். ஆக்சாலிபிளாட்டினை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் அது கூடிக்கொண்டே போகலாம். புது மருந்தின் மேல் பழியைப் போட்டு அதை நிறுத்திவிடாதீர்கள். பழைய மருந்துதானே என்று சொல்லாமலும் இருக்காதீர்கள். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, செருப்பு நழுவுவது தெரிகிறதா என்பதே மருத்துவருக்குப் போதுமான தகவல்.

மாத்திரை வடிவ கீமோவான கேப்பசிட்டபினுக்கு மாறினால், சாப்பிட்டு 30 நிமிடத்துக்குள் விழுங்க வேண்டும், தினம் இரண்டு வேளை. தைப்பூச விரதம் இருப்பவர் அதை முன்பே மருத்துவமனையில் பேசிவிட வேண்டும். தவறிய வேளையை அடுத்த வேளையோடு சேர்த்துப் போடக்கூடாது. சத்துக்கு என்று யாரோ கொடுத்த ஃபோலிக் அமில மாத்திரை இதன் பக்கவிளைவைக் கூட்டிவிடும். நிலவேம்போ சீன மூலிகையோ, எதுவானாலும் மருந்தாளரிடம் காட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக, சொல்லும் விதம். நம் பெரியவர்கள் ‘கொஞ்சம் வயிறு சரியில்லை’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள். தாதிக்குத் தேவை எண்ணிக்கை. ஒரு நாளில் வழக்கத்தைவிட நாலு முறை கூடுதலாகப் போனால் அன்றே அழைக்க வேண்டிய நிலை. ஏழு முறையோ அதற்கு மேலோ கூடினால் மருத்துவமனை. சமையலறை நாள்காட்டியில் எழுதினாலே போதும்: ‘செவ்வாய், ஊசி போட்டு 5ஆம் நாள். பேதி 5, இரவில் 2. லோபராமைட் 6. காய்ச்சல் 37.4. சிறுநீர் குறைவு.’ பணிப்பெண்ணோ பேரப்பிள்ளையோ தொலைபேசியில் வாசித்துக்காட்ட இதுவே போதும்.