நான்கு தந்திகளுக்கும் ஃபைன் ட்யூனர்

ஆரம்பப் பள்ளி வகுப்புக்கு வயலின் வாங்கும்போது, நான்கு தந்திகளுக்கும் ஃபைன் ட்யூனர் (சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் சிறு திருகாணி) உள்ளேயே பொருத்தப்பட்ட டெயில்பீஸை, அதாவது தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் பகுதியை, கேட்டு வாங்குங்கள். இருபது குழந்தைகள் என்றால் 80 தந்திகள். ஃபைன் ட்யூனர் இல்லாவிட்டால் பாட நேரத்தில் பாதி சுருதி சேர்ப்பதிலேயே கரைந்துவிடும்.

தந்தியைச் சுற்றி முறுக்கும் மரப் பிருடையை ஒரு மயிரிழை திருப்பினாலே சுருதி எங்கோ தாவிவிடும், சில சமயம் தந்தியும் அறுந்துபோகும். ஃபைன் ட்யூனரின் சிறு திருகாணியோ சுருதியை மெல்ல மெல்ல நகர்த்துகிறது; கொஞ்சம் பழகிய குழந்தையே அதைத் திருப்பலாம். சாதாரண டெயில்பீஸில் நான்கைத் தனித்தனியாக மாட்டுவது எனக்குப் பிடிக்காது: எடை கூடி, ஒலி மங்கலாம்.

எஃகுத் தந்திக்குத்தான் இது சரி. குடல் தந்திக்கு ஒத்துவராது. தந்தி அரைச் சுருதிக்கு மேல் இறங்கியிருந்தால் பிருடையைத்தான் நாட வேண்டும். வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய கருவியான டபுள் பேஸுக்கு இது தேவையே இல்லை, அதன் பிருடைகளில் பல்சக்கரம் உண்டு. திருகாணி முழுவதும் இறங்கிவிட்டதா என்று அவ்வப்போது பாருங்கள். இறங்கிவிட்டால், அதன் நெம்புகோல் வயலினின் மேற்பலகையைக் கீறிவிடும்.