பெங்களூரு ஏரிகளின் நீர்ப்பரப்பை உலாவியிலேயே அளப்பது எப்படி?

1972 முதல் பூமியைப் படம் எடுத்துவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்கள் 2008இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. ஆயினும் பல நூறு எம்பி அளவுள்ள படங்களை ஒவ்வொன்றாகப் பதிவிறக்கிச் சேர்த்துவைக்க வீட்டுக் கணினியில் இடம் போதவில்லை. 2010இல் வெளிவந்த கூகுள் எர்த் என்ஜின் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. படங்கள் அனைத்தும் அதன் சேவையகங்களிலேயே இருக்கின்றன. நாம் எழுதும் கணக்கு அங்கே சென்று ஓடி, விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அல்சூர், பெல்லந்தூர் ஆகிய இரு ஏரிகளை வைத்து இதைப் பழகலாம்.

படி 1: கணக்குத் தொடங்குதல்

ஜிமெயில் முகவரியால் நுழைந்து, கூகுள் கிளவுடில் ஒரு புராஜெக்டை உருவாக்கி, அதை வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்குப் பதிவு செய்யுங்கள். பிறகு கோட் எடிட்டரைத் திறந்தால் மேலே நிரல் எழுதும் பகுதியும் கீழே வரைபடமும் தெரியும். நிரல் ஜாவாஸ்கிரிப்ட்டில் இருக்கும். அதில் முன் அனுபவம் தேவையில்லை.

படி 2: ஏரியையும் படங்களையும் தேர்ந்தெடுத்தல்

முதலில் அல்சூர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூருத் தமிழ்ச் சங்கத்துக்குப் போய்வருபவர்களுக்கு அதன் கரை பழக்கமானது என்பதால், வரைபடத்தில் தெரிவது சரியா தவறா என்று நீங்களே சொல்லிவிட முடியும். பலகோணக் கருவியால் கரையைச் சுற்றி வரையுங்கள். தேடல் பெட்டியில் சென்டினல் 2 என்று தேடி, மேற்பரப்பு எதிரொளிப்புத் தொகுப்பை, அதாவது தரை திருப்பி அனுப்பும் ஒளியின் அளவைத் தரும் படங்களை, இம்போர்ட் செய்யுங்கள். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் இந்தப் படங்களில் முக்கியமான நிறப்பட்டைகளின் (ஒளியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே பதிவு செய்யும் அடுக்குகளின்) ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 10 மீட்டர் அகலமுள்ளது. லேண்ட்சாட்டில் அது 30 மீட்டர். சிறிய ஏரியின் கரையை வரைய இந்த வேறுபாடு மிகவும் உதவும்.

அடுத்து இடம், தேதி, மேக அளவு ஆகிய மூன்று வடிகட்டிகளை இடுங்கள். தேதிக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தைப் பரிந்துரைக்கிறேன். மழை மாதங்களில் பெங்களூருக்கு மேல் பெரும்பாலும் மேகமே தெரியும். எஞ்சிய படங்களுக்கு மீடியன் கட்டளையைக் கொடுத்தால், ஒவ்வொரு பிக்சலுக்கும் இடைநிலை மதிப்பு கணக்கிடப்பட்டு ஒரே படம் கிடைக்கும்.

படி 3: நீரைப் பிரித்தெடுத்தல்

நீர் பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை ஏறத்தாழ முழுவதும் விழுங்கிவிடும். பச்சைப் பட்டையிலிருந்து அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்க் குறியீடு கிடைக்கும். இதை நார்மலைஸ்டு டிஃபரன்ஸ் என்ற ஒரே கட்டளை செய்துவிடும். சென்டினலில் பச்சை 3ஆம் பட்டை, அகச்சிவப்பு 8ஆம் பட்டை. குறியீடு சுழியைவிட அதிகமான பிக்சல்களை நீர் எனக் கொள்ளலாம்.

படி 4: பரப்பளவைக் கணக்கிடுதல்

தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்தப் படியில்தான். நீர்ப் பிக்சல்களைப் பிக்சல் பரப்போடு பெருக்கி, பலகோணத்துக்குள் இருப்பவற்றை ரெட்யூஸ் ரீஜன் கட்டளையால் கூட்ட வேண்டும். அதில் ஸ்கேல் என்ற இடத்தில், பிக்சலின் அகலமான 10 என்பதை மறவாமல் எழுதுங்கள். திரையில் காணும் வரைபடம் நீங்கள் எவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கிறீர்களோ அதற்கேற்ற நுணுக்கத்தில் அவ்வப்போது கணக்கிடப்படுவது. எனவே வரைபடம் அழகாகத் தெரிவதால் எண்ணும் சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது. விடை சதுர மீட்டரில் வரும்; 10,000ஆல் வகுத்தால் ஹெக்டேர்.

படி 5: பெல்லந்தூருக்குச் செல்லுதல்

இதே நிரலில் பலகோணத்தை மட்டும் மாற்றி, நகரின் மிகப் பெரிய ஏரியான பெல்லந்தூருக்கு ஓட்டுங்கள். 2018 போன்ற ஓர் ஆண்டில் நீர்ப்பரப்பு வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக வரலாம். ஏரி வற்றிவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். சாக்கடை நீரில் செழித்த ஆகாயத்தாமரை மேற்பரப்பை மூடியிருக்கும் இடங்களில், இலைகள் அகச்சிவப்பைப் பலமாகத் திருப்பி அனுப்புவதால் நீர்க் குறியீடு சுழிக்குக் கீழே போய்விடும். பின்வந்த ஆண்டுகளிலோ, தூர்வாருவதற்காக நீரை வடித்துவிட்டதால் உண்மையாகவே நிலம் தெரியும். இரண்டையும் பிரித்தறிய, 8ஆம் பட்டையையும் சிவப்பான 4ஆம் பட்டையையும் வைத்து, இலைகள் அடர்ந்த இடத்தில் உயரும் தாவரக் குறியீட்டையும் இதே முறையில் கணக்கிட்டு, அது உயர்ந்திருக்கும் பரப்பைத் தனியாகக் கூட்டுங்கள். சேவையகம் எவ்வளவு வேகமாகக் கணக்கிட்டாலும், அந்த எண் களையைக் குறிக்கிறதா நிலத்தைக் குறிக்கிறதா என்பதை ஏரியை அறிந்தவர்தான் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

படி 6: முடிவைச் சேமித்தல்

ஆண்டு, நீர்ப்பரப்பு, தாவரப் பரப்பு என மூன்று பத்திகளுள்ள அட்டவணையாக்கி, கூகுள் டிரைவுக்கு ஏற்றுமதி செய்யும் கட்டளையை எழுதுங்கள். நிரலை ஓட்டியதோடு ஏற்றுமதி தொடங்கிவிடாது. வலப்பக்கத்தில் உள்ள டாஸ்க்ஸ் பகுதிக்குச் சென்று ரன் பொத்தானை அழுத்த வேண்டும். அதன் பிறகு உலாவியை மூடிவிட்டாலும் வேலை சேவையகத்தில் தொடரும்; முடிந்ததும் கோப்பு டிரைவில் இருக்கும்.