புதிய அமுக்க அனுப்பியைப் பூட்டுமுன்

கட்டார் எண்ணெய் வயலில் 11 ஆண்டுகள் கருவிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, இப்போது சுன்னாகத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். குழாயிலுள்ள அமுக்கத்தை 4 முதல் 20 மில்லியம்பியர் வரையான மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் கருவிதான் அமுக்க அனுப்பி (pressure transmitter). புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குழாயில் முறுக்காதீர்கள். 24 வோல்ட் நேரோட்டம் கொடுத்து, மல்டிமீற்றரைத் தொடராக இணையுங்கள். அமுக்கம் நுழையும் வாய் திறந்திருக்கையில் 4 மில்லியம்பியர் காட்ட வேண்டும். 0 காட்டினால் கம்பி அறுந்திருக்கும் அல்லது முனை மாறியிருக்கும். அறுந்த கம்பியைச் சுழி அமுக்கத்திலிருந்து பிரித்தறியத்தான் தொடக்கமே 4.

சோதனைப் பம்பு இல்லையா? என் முற்றத்துப் பனையில் ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய் கட்டியிருக்கிறேன். கருவியின் வாயிலிருந்து 5 மீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் 0.49 பார். 0–1 பார் கருவியில் (0 பாருக்கு 4, 1 பாருக்கு 20) ஏறத்தாழ 11.8 மில்லியம்பியர் வர வேண்டும். குறைந்தால் கருவியைத் திட்டாமல் குழாயைத் தட்டுங்கள். எங்கோ காற்றுக்குமிழி ஒளிந்திருக்கும்.