மாடித் தண்ணீர் எங்கே போகிறது? மழைக்கு முன் திருத்த வேண்டிய தவறுகள்

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைப் பக்கம் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் கொட்டுவது புதிதல்ல. அப்படி ஒரு நாள் பெய்தால், 9,000 லிட்டர் தண்ணி லாரி ஒன்று வந்து உங்கள் மாடியில் மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் போன மாதிரி. இவ்வளவு தண்ணீருக்கும் வழி விட்டிருக்கிறோமா என்று வீடு கட்டும்போது யோசிப்பவர்கள் குறைவு. டைல்ஸ் கலருக்குக் கொடுக்கிற நேரத்தில் கால்வாசி கொடுத்தால்கூடப் போதும்.

நான் பார்த்ததில் மிகப் பரவலான தவறு, மாடியிலிருந்து இறங்கும் பைப்பைச் சுவரின் அடியிலேயே முடித்துவிடுவது. எங்கள் பழைய வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. 4 இன்ச் பிவிசி பைப் தரைக்கு ஒரு அடி மேலே நின்றுவிடும். கீழே தண்ணீரைத் திருப்பிவிட ஒரு எல்போகூடக் கிடையாது. பல வருட மழை அந்த இடத்தில் ஒரு குடம் உட்காரும் அளவுக்குப் பள்ளம் பறித்து, அஸ்திவாரக் கருங்கல்லே வெளியே தெரிந்தது. அந்தச் சுவருக்கு உள்பக்கம் அம்மாவின் பீரோ. அதை நகர்த்திப் பார்த்தபோது சுவர் ஓதம் காத்து, உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் அப்பளமாக உரிந்து கிடந்தது. இரண்டு முறை சுரண்டிப் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தோம். இரண்டு முறையும் அடுத்த கார்த்திகையில் அதே கதை. மூன்றாவது தடவைதான் ஒரு பிளம்பர் வெளியே போய்ப் பார்த்து, ஒரு எல்போவும் பத்தடி பைப்பும் போட்டுத் தண்ணீரைச் சுவரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோனார். பள்ளத்தை மண் போட்டுக் கெட்டித்து, மேலே சிமென்ட் தளம் போட்டார். அதற்குப் பிறகு அந்தச் சுவர் காய்ந்தே இருக்கிறது. ஓதம் உள்ளே தெரிந்தால் முதலில் வெளியே போய்ப் பாருங்கள். கரிசல் மண் உள்ள ஊர்களில் இது இன்னும் முக்கியம். அந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அஸ்திவாரத்தை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் நனைந்துகொண்டே இருந்தால் சுவரில் விரிசல் விழும்.

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. மேஸ்திரியைக் கேட்டால் ‘வாட்டம் விட்டாச்சு சார்’ என்பார். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன் நாலு பக்கெட் தண்ணீரை மாடியில் ஊற்றி, அரைமணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். எங்கே தேங்கியிருக்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மாடியில் பத்தடிக்கு ஒன்றரை இன்ச்சாவது சரிவு வேண்டும். 400 சதுர அடிக்கு ஒரு 4 இன்ச் பைப் என்பது நல்ல கணக்கு. பைப் வாயில் ஜாலி (ஓட்டை போட்ட சல்லடை மூடி) இல்லாவிட்டால் வேப்பிலையும் பாலிதீன் கவரும் உள்ளே போய் அடைக்கும். ஜாலி இருந்தால் அதன் மேல் படியும். எப்படியானாலும் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மாடியைக் கூட்டியே ஆகவேண்டும்.

முற்றத்தில் இதே வாட்டத் தவறு வேறு மாதிரி நடக்கிறது. கார் நிறுத்த வசதி என்று சுற்றிலும் சிமென்ட் போட்டுவிடுகிறார்கள், ஒரு சாண் மண் விடுவதில்லை. போட்ட தளமாவது சுவரிலிருந்து வெளிப்பக்கமாக, நாலடிக்கு ஒரு இன்ச் சரிய வேண்டும். பல வீடுகளில் அது சுவரை நோக்கித்தான் சரிந்திருக்கிறது.

தெரு உயர்ந்துவிட்டதே என்று முற்றத்தில் கிராவல் கொட்டி உயர்த்துபவர்களின் நிலைமை எனக்குப் புரிகிறது. தார் மேல் தார் போட்டே பல தெருக்கள் வாசற்படிக்கு மேலே ஏறிவிட்டன. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் உத்தரவிட்டது. உங்கள் தெருவில் வேலை தொடங்கும் அன்றே போய்க் கேளுங்கள். அது தனி. ஆனால் முற்றத்தை உயர்த்தும்போது, பேஸ்மட்டத்துக்கு மேல் ஓதம் ஏறாமல் இருக்கப் போட்ட டிபிசி என்ற ஈரத்தடுப்பு அடுக்கின் மட்டத்தைத் தாண்டி மண் போட்டுவிடாதீர்கள். தாண்டினால் ஈரம் நேராகச் செங்கல்லில் ஏறும்.

மாடிப் பைப்பைக் கொண்டுபோய்க் கழிவுநீர் சேம்பரில் இணைப்பதைத் தவறு என்று சொல்வதுகூடப் போதாது. அந்தக் குழாய் குளியலறை, கழிவறைத் தண்ணீருக்காகப் போட்டது. ஒரு தெருவே மழைநீரை அதில் விட்டால், மேன்ஹோல் பொங்கித் தாழ்வான வீடுகளின் கழிவறை வழியாகச் சாக்கடை உள்ளே வரும். பெரும்பாலும் தெருக்கோடியில் இருக்கும் ஏழை வீட்டில்தான் அது வரும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, அந்தத் தண்ணீரை வேறு எங்கே விடுவது? மண்ணுக்குள்தான். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது தோண்டிய குழிகள் பல இன்று பெயருக்குத்தான் இருக்கின்றன. மேல்மணலில் சேறு படிந்து இறுகியிருக்கும். புரட்டாசியில் அந்த மேல்மணலை அள்ளிக் கழுவிப் போட்டால் குழி மறுபடி குடிக்கும். பிறகு ஒரு டிரம் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காலையில் பாருங்கள். அப்படியே நின்றால் அடியில் களிமண். அங்கே மேலோட்டமான குழி பயன்படாது. மணல் அடுக்கு வரை துளை போட வேண்டும், அல்லது உறை இறக்கிய கிணறு வேண்டும். எதுவானாலும் அஸ்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளியும், செப்டிக் டேங்க் பக்கம் போகாமலும் தோண்டுங்கள்.

அப்புறம், சம்ப் மூடி. தரையோடு தரையாக இருந்தால் முற்றத்தில் நாலு இன்ச் தண்ணீர் நின்றாலே குடிக்கிற தண்ணீரில் கலந்துவிடும். விளிம்பை அரை அடியாவது உயர்த்திக் கட்டுங்கள். ஏற்கெனவே புகுந்துவிட்டதா? மோட்டாரைப் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றாதீர்கள். சம்பை முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு அலசிய பிறகு புதுத்தண்ணீர் விடுங்கள்.