ஆட்டு இதயத்தைக் கொண்டு மனித இதயத்தை அறியும் முறை

இதயத்தின் படத்தைக் கொடுத்துப் பாகங்களைக் குறிக்கச் சொன்னால், பத்தாம் வகுப்பு மாணவர் பெரும்பாலும் பிழையின்றிக் குறித்துவிடுவார். அதே மாணவரின் உள்ளங்கையில் ஓர் ஆட்டின் இதயத்தை வைத்து, இதில் இடப்பக்கம் எது என்று கேட்டால் திகைத்து நிற்பார். மதுரையில் உயிரியல் கற்பித்துவரும் நான் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். படத்தில் பாதி சிவப்பும் பாதி நீலமுமாகத் தட்டையாகத் தெரியும் உறுப்பு, கையில் எடுத்தால் கனத்த, சற்றே முறுகிய தசைப்பிண்டமாக இருக்கிறது. ஆட்டின் இதயத்திலும் நம்முடையதைப் போலவே நான்கு அறைகளும் நான்கு வால்வுகளும் உண்டு. ஆகவே கறிக்கடைகள் நிறைந்த நம் ஊரில் இந்தப் பாடத்திற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கடைக்காரரிடம் இதைக் கேட்பது முறையன்று. வார நாள் ஒன்றில், முதல் நாளே சொல்லிவைத்து, "அண்ணே, இதயத்தைக் கீறாம, மேல குழாயெல்லாம் இருக்கிற மாதிரி முழுசாக் குடுங்க" என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் மேற்குழாய்களை ஒட்ட நறுக்கி, குழம்புக்கு ஏற்றாற்போல் கீறித்தான் தருவார்கள். உறைந்த இரத்தம் போகும்வரை குழாய்வாயில் தண்ணீரை ஊற்றி அலசி, ஒரு தாம்பாளத்தில் வையுங்கள். கூரிய கத்தி, கத்தரிக்கோல், மழுங்கிய பென்சில், ஒரு டம்ளர் தண்ணீர் ஆகியவை போதும். வெட்டும் வேலையைப் பெரியவர்கள் செய்ய வேண்டும். முடிந்தபின் அனைவரும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

வெட்டுவதற்கு முன் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் கெட்டியாக எதிர்த்து நிற்கும். மறுபக்கம் தொளதொளவென்று அமுங்கும். கெட்டியான பக்கமே இடப்பக்கம். முன்புறத்தில் சாய்வாக ஓடும் கொழுப்புக் கோட்டை உங்களை நோக்கித் திருப்பி வைத்தால், அந்த இடப்பக்கம் உங்கள் வலக்கைப் பக்கமாக வரும். எதிரே நிற்பவரின் இடக்கை நம் வலக்கைக்கு நேராக இருப்பது போன்றதே இது. படங்களில் மாணவர்கள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். அக்கொழுப்பினூடே செல்லும் மெல்லிய குழாய் கரோனரி தமனியின் கிளை. அறைகளுக்குள் எவ்வளவு இரத்தம் நிறைந்திருந்தாலும், இதயத் தசைக்கு வேண்டிய ஆக்சிஜன் பெரும்பாலும் இத்தகைய குழாய்களின் வழியேதான் கிடைக்கிறது. இவற்றில் அடைப்பு ஏற்படுவதே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம்.

இனி, நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறுக்காக ஒரே வெட்டாக வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் இடது கீழறை தடித்த வளையமாகவும், வலது கீழறை அதை அணைத்துக்கொண்ட பிறை போலவும் தெரியும். மனிதரில் இடது கீழறையின் சுவர் வலதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமனானது. வலது அறை அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் இரத்தத்தை அனுப்புகிறது. அதற்குப் பாதரச அளவில் சுமார் 25 மில்லிமீட்டர் அழுத்தம் போதும். தலை முதல் கால்வரை அனுப்ப வேண்டிய இடது அறையோ சுமார் 120 மில்லிமீட்டர் அழுத்தத்தை உண்டாக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பின் வேறுபாட்டைத்தான் தசையின் தடிமனாக இங்கே காண்கிறோம்.

மேலே உள்ள குழாய்களில், சுவர் தடித்து, அமுக்கினாலும் மீண்டும் வட்டமாகவே திறந்து நிற்பதைத் தேடி, பென்சிலை மெல்ல நுழையுங்கள். அது இடது கீழறையில் வந்து நின்றால், அக்குழாய் உடலெங்கும் இரத்தத்தை எடுத்துச் செல்லும் பெருந்தமனி. பென்சிலை எடுத்துவிட்டு, இதயத்தை நிமிர்த்திப் பிடித்து, அக்குழாயில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே அறை வெட்டித் திறந்து கிடந்தும் தண்ணீர் நேராகக் கொட்டிவிடாது. மூன்று சிறு கிண்ணங்கள் போன்ற இதழ்கள் நிறைந்து ஒன்றோடொன்று முட்டி வழியை அடைத்துக்கொள்ளும். சற்று நேரத்தில் நீர்மட்டம் இறங்கலாம். ஏனெனில் அவ்விதழ்களுக்குச் சற்று மேலேயே கரோனரி தமனிகளின் வாய்கள் இருக்கின்றன; அவற்றின் வழியே நீர் கசியும். இதழ்கள் இப்படி மூடிக்கொள்வதைத்தான் என் மாணவர்கள் மீண்டும் மீண்டும் ஊற்றிப் பார்க்கிறார்கள்.

பின்னர் இடது கீழறையின் பக்கச்சுவரைக் கத்தரிக்கோலால் மேல்நோக்கித் திறந்தால், மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வும், அதைத் தசைமேடுகளோடு பிணைக்கும் வெண்ணிற நாண்களும் தெரியும். ஒரு நாணை இழுத்துப் பாருங்கள். நூல்போல் மெலிந்திருந்தும் எளிதில் அறாது. இந்த நாண்கள் வால்வைத் திறப்பதோ மூடுவதோ இல்லை. அதைச் செய்வது இரத்தத்தின் அழுத்தமே. பலத்த காற்றில் குடை மறுபுறம் திரும்பிவிடுவதைப் போல, இதழ்கள் மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே இவற்றின் வேலை.

மனித இதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டராக, ஓய்வில் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது. உடலில் உள்ள மொத்த இரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இத்தனை இரத்தம் உணவிலிருந்து ஓயாமல் புதிதாக ஊறிக்கொண்டிருக்க இயலாது, ஆகவே இருப்பதே சுற்றி வர வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டி, இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் தம் முடிவை வெளியிட்டார்.

மாலையில் பிள்ளைகளை மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடிவாரத்தில் அமர்ந்து, மணிக்கட்டில் கட்டைவிரலுக்கு நேர்கீழே இரண்டு விரல்களை வைத்து, 30 விநாடி நாடியை எண்ணி இரண்டால் பெருக்கி எழுதிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் அது பொதுவாக 60 முதல் 100 வரை இருக்கும். படிகளில் ஏறி நின்றவுடன் ஒருமுறையும், பிறகு நிமிடத்திற்கு ஒருமுறையும் எண்ணினால், ஏறிய நாடி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பது விளங்கும். இதய நோய் உள்ளவர்கள் மலையேறாமல் அடிவாரத்திலேயே எண்ணலாம்.

அங்கேயே ஒருவர் மார்பில் மற்றவர் காதை வைத்துக் கேட்கட்டும். இதயம் இருப்பது முழுக்க இடப்புறத்தில் அன்று. நெஞ்செலும்பின் பின்னே, பெரும்பகுதி இடப்பக்கம் சாய்ந்து இருக்கிறது. முதலில் வரும் 'லப்', நாண்கள் பிடித்திருக்கும் வால்வுகள் மூடும்போது எழுவது. அடுத்து வரும் 'டப்', காலையில் தண்ணீரைத் தாங்கி நின்ற கிண்ணங்களும், நுரையீரல் தமனியில் உள்ள அவற்றின் இணையும் மூடும்போது எழுவது.