வெட்கப்படாமல் நித்திரை கொள்வது எப்படி?

எங்கள் ஊர்களில் ஒருவர் பகலில் கண்ணயர்ந்தால் அதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். தலையிடி என்றோ, இரவு வயற்காவல் என்றோ சொல்லாமல், "நித்திரை வந்தது, படுத்தேன்" என்று நேராகச் சொல்லும் துணிவு, கிளிநொச்சிப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு முப்பது வயது கடந்த பிறகுதான் வந்தது. விடியும் முன் எழும்புபவள் கெட்டிக்காரி, விடிந்த பின் எழும்புபவள் சோம்பேறி என்று கணக்குப் பார்ப்பவர்கள், அவள் முந்தின இரவு எத்தனை மணிக்குப் பாயை விரித்தாள் என்பதை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பசித்தவரிடம் ஏன் பசிக்கிறது என்று நாம் கேட்பதில்லை. நித்திரையும் அப்படியொரு தேவைதான் என்பதை முதலில் உங்கள் மனம் ஏற்க வேண்டும். ஏற்காதவரை கீழே சொல்லும் எந்த வழியும் நாலு நாளுக்கு மேல் நிலைக்காது.

உங்களுக்கு எவ்வளவு நித்திரை வேண்டும் என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணிநேரமும், 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணிநேரமும் தேவை என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. அரிவு வெட்டு முடிந்த ஓய்விலோ பாடசாலை விடுமுறையிலோ பத்து நாள்களை எடுத்துக்கொண்டு, ஒரே நேரத்துக்குப் படுத்து, அலாரம் வைக்காமல் தானாக எழும்பும் நேரத்தை ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். முதல் மூன்று நாலு நாள்கள் உடம்பு விட்ட நித்திரையைத் திரும்ப வாங்கும், ஆகவே அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதன் பின் வரும் அளவுதான் உங்களுடையது. எனக்கு எட்டு மணிநேரம் வந்தது. ஐந்து மணிநேரத்துடன் ஓடிய காலத்தில் பிள்ளைகள்மீது நான் எரிந்து விழுந்ததெல்லாம் என் குணத்தால் வந்ததல்ல என்பதை அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

அடுத்ததாக, எழும்பும் நேரத்தை நிலைப்படுத்துங்கள். பலர் படுக்கும் நேரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வராத நித்திரைக்காகப் புரண்டு கிடக்கிறார்கள். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணிநேரமும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டு வரும், கண்ணை இழுப்பது அதன் பாரம்தான். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு எழும்பி, காலை வெயிலில் இருபது நிமிடமாவது முற்றம் கூட்டியோ மாடு அவிழ்த்தோ நின்றால், இரவில் அந்தப் பாரமும் உடம்பின் மணிக்கூடும் ஒரே நேரத்தில் வந்து சேரும். தேநீரில் உள்ள கஃபீன் அந்தப் பாரத்தை இறக்குவதில்லை, தெரியாமல் மறைக்க மட்டுமே செய்கிறது. குடித்து ஐந்து ஆறு மணிநேரம் ஆனபின்னும் ஏறத்தாழ அதில் பாதி உடம்பிலேயே நிற்கும் என்பதால், பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணியை நிறுத்தி, வேண்டுமானால் கொத்தமல்லி அவித்த தண்ணீர் குடியுங்கள். பாக்கும் புகையிலையும்கூட உசார்ப்படுத்தும் பொருள்களே, ஆகவே படுக்கப் போகும் முன் போடும் வெற்றிலையையும் விடுவது நல்லது. சாராயம் கண்ணை மூட வைத்தாலும் பின்னிரவு நித்திரையைக் குலைத்துவிடும்.

படுக்கும் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வன்னியில் நித்திரையைக் கெடுப்பதில் வெக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. நித்திரை வருவதற்கு உடம்பின் உட்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும், அந்தச் சூடு பெரும்பாலும் கை கால்களின் தோல் வழியாகவே வெளியேறுகிறது. தகரக் கூரையும் சீமெந்துச் சுவரும் பகல் வெயிலை இரவு பத்து மணிவரை கக்கிக்கொண்டிருக்கும் வீட்டில், படுக்க ஒரு மணிநேரத்துக்கு முன் கிணற்றில் குளித்து, பொழுதுபடும்போதே யன்னல்களைத் திறந்து, மெத்தையை விட்டுப் பன்பாயில் படுத்துப் பாருங்கள். பாயைத் தரையில் விரிப்பவர்கள் நுளம்பு வலையைத் தொங்கவிட்டால் மட்டும் போதாது. அதன் ஓரங்களைச் சுற்றிவரப் பாயின் கீழ் இறுகச் செருக வேண்டும். கட்டுவிரியன் இரவில் திரிந்து, தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது, அதுவும் பெரிதாக நோகாமல் கடிப்பது, இங்கே தெரிந்த ஆபத்து. இறுகச் செருகிய வலை அதையும் தடுக்கும். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும் என்பதால் மத்தியானம் கண்ணயரும்போதும் வலை வேண்டும்.

படுத்து இருபது நிமிடம்போல் ஆகியும் கண் மூடவில்லையானால், மணிக்கூட்டைப் பார்க்காமல் எழும்பி விறாந்தையிலோ குசினியிலோ மங்கல் வெளிச்சத்தில் இருந்துவிட்டு, கண் சொருகும்போது மட்டும் பாய்க்குத் திரும்புங்கள். முற்றத்தில் இறங்குவதானால் ரோச் லைட் கட்டாயம் வேண்டும். கைத்தொலைபேசியை அந்த நேரத்தில் தொடவே கூடாது. பாய் என்றால் நித்திரை என்று உடம்பு திரும்பப் படிக்க ஓரிரு கிழமை எடுக்கும்.

ஆனால் சிலருடைய விழிப்பு வேறு வகையானது. என் அம்மா இன்றும் செருப்பின் முனையை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டே படுப்பார். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றிய பை தலைமாட்டில் இருக்கும். பின்னிரவு இரண்டு மணிபோல் அவருடைய கை அந்தப் பையைத் தேடும்போது எழும் சரசரப்பைக் கேட்டுக் கேட்டே நான் பல வருடம் விழித்தேன். போரின் கடைசிக் கட்டமான 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் பதுங்குகுழியில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்த உடம்பு அது. அவரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்ததும் அந்த விழிப்புத்தான். இப்படிப்பட்டவர்களிடம் "இப்ப என்ன பயம்?" என்று கேட்காதீர்கள், பையை எடுத்து ஒளிக்கவும் வேண்டாம். கதவின் தாழ்ப்பாளை அவர் கையாலேயே பூட்ட விடுங்கள், ரோச் லைட்டைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். அம்மா தானாகவே அந்தப் பையை அலுமாரியில் வைத்து, திறப்பை மட்டும் தலையணைக்குக் கீழ் வைக்கத் தொடங்க இரண்டு வருடம் சென்றது. திரும்பத் திரும்ப ஒரே கெட்ட கனவு வருபவர்கள், பகல் வெளிச்சத்தில் அந்தக் கனவின் முடிவைத் தமக்குப் பிடித்தபடி மாற்றி எழுதி, நாளுக்குப் பத்து நிமிடம் அதை மனத்தில் ஓட்டிப் பார்ப்பது பலருக்குப் பயன் தந்த ஒரு மருத்துவ முறை. தனியே செய்ய இயலாவிட்டால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கேளுங்கள், அல்லது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். தடிமனுக்குத் தரும் குளிசையை நித்திரைக்காக வாங்கிப் போடும் பழக்கம் வேண்டாம். முதியவர்களை அது தடுமாறி விழ வைக்கும்.

மாரிமழையில் நெல் விளையும் காலபோகத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருப்பவர்களால் முழு இரவும் படுக்க முடியாது. பக்கத்து வயற்காரரோடு முறைவைத்து, ஒவ்வொரு நாளும் மாறாத ஒரே நாலு மணிநேரத்தையாவது நித்திரைக்கென ஒதுக்கி, மீதியைப் பகலில் இருட்டாக்கிய அறையில் எடுத்துக்கொள்ளுங்கள். காவல் முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் ஓடாதீர்கள். படுக்கையில் பலத்த குறட்டையும், இடையில் மூச்சு நின்று திணறி எழும்புவதும், பகலில் இருந்த இடத்திலேயே தூங்கி விழுவதும் இருந்தால் அது நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கடைசியாக, வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். "நான் ஒன்பதரைக்குப் படுப்பேன், அதற்குப் பிறகு வரும் வேலை காலைக்கு" என்று நான் முதன்முதலில் சொன்ன இரவு, குசினியில் கழுவாத சட்டிகள் இரண்டு கிடந்தன. மாமி ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் இரவு அந்தச் சட்டிகளை என் மகன் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான்.